பதினேழு வேகத்தடைகள்

பாலத்தைத் தாண்டியிருப்பார்கள். பன்னிரண்டு இருபத்தைந்துக்கு வண்டியை எடுத்திருந்தால் இந்நேரம் தாண்டியிருப்பார்கள். குமாரபாளையத்துக்கும் பவானிக்கும் நடுவில் காவேரி, பாலத்தின் இரண்டு முனைகளிலும் ஊரடங்குக்காகத் தட்டி வைத்திருக்கிறார்கள், அந்தக் கரை ஒரு மாவட்டம், இந்தக் கரை ஒரு மாவட்டம். ஆஸ்பத்திரிக்கு என்றால் விட்டுவிடுவார்கள். அப்பா ஓட்ட, அத்தை பின்னால் அணைத்துப் பிடித்திருக்க, நடுவில் ஒன்பது வயதுப் பெண் சாய்ந்துகொண்டு வருகிற வண்டியை நிறுத்தி யாரும் இ-பதிவு கேட்க மாட்டார்கள். கேட்டாலும் இலக்கியாவின் முகத்தைப் பார்த்தால் விட்டுவிடுவார்கள். அந்த முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பதினோரு நாளாக அவளைப் போனில்தான் பார்க்கிறேன். இரண்டாவது அலை ஏறியதிலிருந்து ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்குப் பதினைந்து நாள் டூட்டி, ஏழு நாள் தனிமை, அதன்பிறகுதான் வீடு. மாணவிகள் காலிசெய்துவிட்டுப் போன விடுதியில் எனக்கு ஒரு கட்டில். சுவரில் யாரோ ஒரு பெண் ஒட்டிவைத்துவிட்டுப் போன எலும்புக்கூட்டுப் படம். இரவு எட்டு மணிக்கு அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து போன் பேசுவேன், இலக்கியா பார்த்தால் பயப்படுவாள் என்று. பயப்படக் கூடாது என்று எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். இன்றைக்கு இலக்கியாவின் அப்பா கூப்பிட்டபோது முதல் வார்த்தையே அதுதான். வாணி, பயந்துக்காத புள்ள. அப்படி ஆரம்பித்தால் பயப்படாமல் என்ன செய்வது. பாப்பாவுக்கு வெள்ளிக்கெழமையில இருந்து வவுத்து வலி நிக்கவே இல்ல, உன்னக் கலங்கடிக்க வேண்டாம்னுதான் சொல்லல, இன்னிக்கு விடியக்காலம் வலி நின்னு போச்சுங்கறா, ஆனா காச்சல் நூத்திரண்டு இருக்குது, வவுறு பலகையாட்டம் இருக்குது. நான் கேட்டது ஒன்றுதான். வலி கொஞ்சம் கொஞ்சமாக் கொறஞ்சுதா, திடீர்னு நின்னுச்சா. திடீர்னுதான் புள்ள, அவளே எந்திரிச்சு உக்காந்து நல்லாயிட்டேன்னு சொன்னா, அக்காகூட அப்பாடான்னு போய் இட்லி ஊத்துனா.

குடல்வால் வெடித்தால்தான் வலி அப்படித் திடீரென்று நிற்கும், அந்த இட்லியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், உடனே கொண்டுவாருங்கள் என்று நர்ஸாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இப்போது அவள் உதடு காய்ந்திருக்கும். கத்திரி வெயில், பன்னிரண்டரை மணி, தண்ணீர் கேட்டிருப்பாள், நங்கையா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே அம்மா வேண்டாம்னுட்டாங்க சாமி என்று சொல்லியிருப்பாள். என் கணவரின் அக்கா, நான் என்ன சொன்னாலும் அப்படியே செய்கிறவள். வீட்டில் எல்லோருமே அப்படித்தான். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வேர்வை முதுகில் ஒரு கோடாக இறங்கி இடுப்பு எலாஸ்டிக்கில் நிற்கிறது. இந்தப் பாதுகாப்பு உடைக்குள் காலை எட்டிலிருந்து இருக்கிறேன். இரண்டு மணி வரை தண்ணீர் இல்லை, பாத்ரூம் இல்லை, மூக்கு அரித்தால் அரிப்பு அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். கண்ணாடியில் ஆவி படிந்து எதிரே இருக்கிற பத்துக் கட்டில்களும் பாலுக்குள் மூழ்கினமாதிரித் தெரிகின்றன. பத்தும் காலி. குழந்தைகள் அவசரப் பிரிவில் பத்துக் கட்டில்களும் காலியாக இருந்து, மின்விசிறி சும்மா சுற்றி, விரிப்பின் மடிப்புக் கலையாமல் இருப்பதை இதற்கு முந்தி நான் பார்த்ததில்லை. ஆறு வருஷமாக இங்கே இருக்கிறேன். ஒரு கட்டிலுக்கு மூன்று பிள்ளை, கீழே பாயில் இரண்டு, வராந்தாவில் நெபுலைசர் முகமூடிக்காக வரிசை. ஐந்து ரூபாய்க் காசை முழுங்கியவன், மூக்கில் பட்டாணி, மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று குடித்தவள், வலிப்பு, தேள், கொதிக்கிற சாம்பார். ஸ்கூல் விட்ட நேரம் என்றால் கை முறிந்ததும் நெற்றி கிழிந்ததுமாக வேனோடு வந்து இறங்கும். இப்போது ஒரு ஷிப்டுக்கு ஆறேழு பேர். போன வாரம் ஒருநாள் நான்கு பேர். மற்ற கட்டிடங்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நிற்கின்றன, ஒவ்வொன்றுக்குள்ளும் ஆக்ஸிஜனோடு ஒருவர். இங்கே மட்டும் நிசப்தம். சரசக்காதான் வார்டில் துடைப்பதும் ஸ்ட்ரெச்சர் தள்ளுவதும். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டு அன்றைக்குச் சொன்னாள், புள்ளைங்க பூராவும் நல்லாயிட்டாங்க பாருங்க சிஸ்டர், நாம ஆஸ்பத்திரி தொறந்து வச்சதாலதான் இத்தன நாளா சீக்கே வந்திருக்குதாட்ட இருக்குது. நான் சிரித்தேன். முகக்கவசத்துக்குள் சிரித்தால் மூச்சு சூடாக மூக்கில் முட்டும். சிரித்தது மட்டுமில்லை, கொஞ்சம் நம்பவும் செய்தேன். பள்ளிக்கூடம் இல்லை, வேன் இல்லை, தெருவில் விளையாட்டு இல்லை, ஹோட்டல் இல்லை, கையை வேறு கழுவுகிறார்கள். குறையத்தானே செய்யும். சளி குறையும், வாந்திபேதி குறையும், எலும்பு முறிவு குறையும். ஆனால் குடல்வால் எப்படிக் குறையும். குடல்வாலுக்கு ஊரடங்கு உண்டா. வாரத்துக்கு மூன்றாவது வரும், நான்காவது வரும். ஒரு மாதமாக ஒன்றுகூட வரவில்லையே, எங்கே போயின அந்த வயிற்றுவலிகள் என்று நான் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்க வேண்டும். எந்தெந்த வீட்டில் படுத்துக்கொண்டிருக்கின்றன என்று யோசித்திருக்க வேண்டும்.

யோசித்தவர்கள் இருக்கிறார்கள். காலையில் டாக்டர் முபீனா ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே, சிஸ்டர், எனக்கு இந்த அமைதி பிடிக்கல, வராதவங்களத்தான் நெனச்சுட்டிருக்கேன் என்றது. டாக்டர் என்றாலும் சின்னப் பெண்தான், மேற்படிப்பு இரண்டாம் வருஷம், போன மாதம் காய்ச்சலில் விழுந்து எழுந்து வந்திருக்கிறது. சொல்லி முடிக்கவில்லை, வெளியே வேப்பமரத்தடியில் ஒரு அம்மா பையனோடு நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்கிறாள் என்று சரசக்கா வந்து நின்றாள். நாங்கள் இருவரும் வெயிலில் இறங்கிப் போனோம். பையனுக்கு நான்கு வயது இருக்கும். மூக்கின் ஒரு துளை மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது, பக்கத்தில் போனாலே நாற்றம். புளியங்கொட்டைங்க, உள்ள போயிருச்சுங்க என்றாள் அந்த அம்மா. எப்ப போச்சு. அது வந்துங், நாலு நாள் இருக்குமுங்க. நாலு நாளா என்னம்மா பண்ணுனீங்க என்று டாக்டர் கேட்க, தும்மல் போட்டாத் தானா வந்துரும்னு மொளகுத்தூள் மோந்து பாக்க வச்சமுங்க என்றாள். உள்ள வாம்மா, வெளக்கு இருக்குது. இல்லீங், இங்கயே எடுத்துருங்க, உள்ள வந்தா எங்களையும் சேத்தி வச்சுக்குவீங்க, வீட்டுக்குத் தகரம் அடிச்சிருவாங்க, வூட்டுக்காரரு தறியோட்டப் போக முடியாதுங். டாக்டர் என்னைப் பார்த்தது, நான் டாக்டரைப் பார்த்தேன். பிறகு மரத்தடியிலேயே நான் பையனின் தலையை என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள, டார்ச்சைச் சரசக்கா பிடிக்க, டாக்டர் கொக்கியை விட்டு எடுத்தது. ஊறி உப்பி முளைவிடப் பார்த்திருந்தது. பையன் அழுகையை நிறுத்திவிட்டு, எங்க காட்டு என்றான். அந்த அம்மா கும்பிட்டாள், இரண்டடி தள்ளி நின்று கும்பிட்டாள். இப்படி லேட் பண்ணலாமாம்மா, காதுக்கோ மூளைக்கோ ஏறியிருந்தா என்று நான்தான் கேட்டேன். அப்போது மணி பத்தே முக்கால். அந்தக் கேள்வியைக் கேட்டபோது இலக்கியாவுக்கு வயிறு பலகையாக ஆரம்பித்திருக்கும்.

இப்போது பவானி பஸ் ஸ்டாண்டைத் தாண்டியிருப்பார்கள். அங்கே இரண்டு வேகத்தடைகள், ஒன்று உயரம், ஒன்று பெயின்ட் அடிக்காதது, தெரியாமல் ஏறிவிடுவார்கள். நான் இந்த வழியில் ஆறு வருஷம் ஸ்கூட்டியில் வந்து போகிறவள், முப்பது கிலோமீட்டரும் கண்ணை மூடினால் வரும். தெருமுனையில் ஒன்று. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பாலத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இரண்டு, ஆக ஐந்து. பஸ் ஸ்டாண்டில் இரண்டு, ஏழு. பெட்ரோல் பங்க், பள்ளிவாசல், கல்யாண மண்டபம், பத்து. ரயில்வே கேட்டுக்கு மூன்று. அப்புறம் சந்தைமேட்டில் அடுத்தடுத்துச் சின்னச் சின்னதாக நான்கு. பதினேழு. இல்லை, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்ததை எலெக்சனுக்கு ரோடு போட்டபோது எடுத்துவிட்டார்களே. பதினாறு. இல்லை, எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டார்கள், போட்ட மறுநாள் என் டிபன் பாக்ஸ் எகிறி விழுந்தது. பதினேழுதான். எதற்கு எண்ணுகிறேன் என்றால், வயிற்றுவலி என்று பிள்ளையைக் கொண்டுவந்தால் நாங்கள் கேட்கிற கேள்விகளில் ஒன்று இது. வர்ற வழியில ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போது வலிச்சுதா. வாயுவாக இருந்தால் பிள்ளை கண்டுகொள்ளாது. உள்ளே சீழ் பிடித்திருந்தால், கிழிந்திருந்தால், வண்டி ஏறி இறங்குகிற ஒவ்வொரு தடவையும் அலறும். அம்மாக்கள் ஆச்சரியப்படுவார்கள், ஆமாங் சிஸ்டர், உங்களுக்கெப்படித் தெரியும். தெரியும். அவர் மெதுவாகத்தான் ஓட்டுவார். மெதுவாக ஓட்டினால் நேரமாகும், வேகமாக ஓட்டினால் இடிக்கும். எதை வேண்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. நூற்றெட்டுக்குப் போட்டிருக்கிறார், இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்களாம், எல்லா வண்டியும் மூச்சுத்திணறலுக்குப் போயிருக்கிறது. கார் வைத்திருக்கிற எதிர்வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டு ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, பேட்டரி டவுனுங்க என்றாராம். அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் அதே பயம்தான். என் பயம்தான் தெரு முழுக்கப் போனது.

என் பயம். போன வருஷம் ஜூலையில் மணிக்கட்டு முறிந்து ஒரு பையன் வந்தான். ஏழு வயது, மாவுக்கட்டுப் போட்டு அன்றைக்கே அனுப்பிவிட்டோம். பத்து நாள் கழித்து அவன் அப்பாவை மேல்மாடிக் கொரோனா வார்டில் சேர்த்தார்கள், பன்னிரண்டாம் நாள் இறந்துபோனார். இங்கே வந்ததால்தான் ஒட்டியது என்று யாருக்கும் தெரியாது. வேறெங்கும் ஒட்டியிருக்கலாம். ஆனால் அந்தப் பையன் கட்டுப் பிரிக்க வந்தபோது தலை மொட்டையாக இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே அதை நான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போது கேட்டுப் பார்க்கிறேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். நங்கையா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். நான் சொன்னேன், இந்த வீட்டுல யாருக்கு என்னானாலும் சரி, நான் சொல்லாம ஆஸ்பத்திரிப் பக்கம் யாரும் வரக்கூடாது, ஆஸ்பத்திரியில நான் இருக்கறது போதும். இலக்கியா தட்டில் ரசத்தை விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்கவில்லை என்று நினைத்தேன். அம்மா, கால் ஒடிஞ்சாக்கூடவா என்று கேட்டாள். கால் ஒடிஞ்சாக்கூட என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன், வேறெங்கே போனாலும் வண்டி திரும்பி அங்கேயே வந்து நிற்கிறது. எட்டு மணிக்குப் பேசும்போது அவரே சொன்னார், பாப்பா தொப்புளைச் சுத்தி வலிக்குதுங்கறா. சொன்னார். சொல்லவில்லை என்று இப்போது நான் யாரிடமும் சொல்ல முடியாது. அன்றைக்குப் பகலில் எங்களோடு வேலை பார்த்த ஒரு நர்ஸுக்கு ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள், நான் அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன், காதில் அந்தக் குமிழிச் சத்தம் இருந்தது. பக்கத்து மரத்துல மாங்கா பொறுக்கித் தின்னுருப்பா, ஓமத்தண்ணி குடுங்க, ஆஸ்பத்திரி அது இதுன்னு கெளம்பிராதீங்க என்றேன். பத்து விநாடியில் பேசி முடித்துவிட்டேன். தொப்புளைச் சுற்றி ஆரம்பிக்கும், பிறகு வலப்பக்கம் இறங்கும் என்று நர்ஸிங் முதல் வருஷப் பெண் சொல்லும். எதிரே வேறொரு அம்மா நின்று சொல்லியிருந்தால் என் கை தானாகப் பிள்ளையின் வயிற்றுக்குப் போயிருக்கும். என் பெண் என்பதால் கை போகவில்லை, பயம்தான் முந்திக்கொண்டு போனது. சனிக்கிழமை பேசும்போது வலி எப்படிக் கண்ணு என்று கேட்டேன். போயிருச்சும்மா என்றாள். போனில் அவள் கழுத்துவரைதான் தெரிந்தது. சிரித்தாள். பின்னால் தலையணை இரண்டு அடுக்கியிருந்தது, அதை நான் பார்த்தேன், பார்த்துவிட்டு, பரவாயில்லை, நங்கையா நன்றாகச் செல்லம் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவள் எவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாளோ, போனை வைத்தபிறகு என்ன செய்தாளோ. அம்மாகிட்ட சொல்ல வேண்டாம் என்று முதலில் சொன்னது யார். அவளா, அவரா.

ஞாயிற்றுக்கிழமை குடல் தட்டுகிறவர் வந்திருக்கிறார். அதையும் இலக்கியாவின் அப்பா இன்றைக்குத்தான் சொன்னார். பிள்ளைக்கு வயிற்றுவலி நிற்கவில்லை என்றால் எங்கள் பக்கம் குடல் ஏறிவிட்டது என்பார்கள், விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவி, காலைத் தூக்கிப் பிடித்துப் பாதத்தில் தட்டி இறக்குவார்கள். நானே சின்ன வயதில் தட்டிக்கொண்டவள்தான், சரியாகியிருக்கிறது, எது தட்டாமலும் சரியாகியிருக்குமோ அது. சீழ் கட்டிய குடல்வாலின்மேல் எண்ணெய்க் கையை வைத்து அமுக்கி நீவினால். நீவினால் என்ன, நீவித்தான் இருக்கிறார். நங்கையா போனை வாங்கிச் சொன்னாள், வாணி, அவரு மாஸ்க் போட்டுக்கிட்டுத்தான் தட்டுனாரு கண்ணு, கையில சானிடைசர் ஊத்தி நானே கழுவ வச்சேன், நீ சொன்ன மாதிரியே எல்லாம் பண்ணுனோம். நான் திட்டுவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு. ஐம்பத்திரண்டு வயதுப் பெண், என்னைவிடப் பதினாறு வயது பெரியவள், என்னிடம் பயப்படுகிறாள். நான் சொன்ன மாதிரியே எல்லாம் பண்ணியிருக்கிறார்கள். முகக்கவசம், சானிடைசர், ஓமத்தண்ணீர், ஆஸ்பத்திரி வேண்டாம்.

மணி ஒன்று பத்து. பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிற போனை மேஜைமேல் மல்லாக்க வைத்திருக்கிறேன், கூப்பிட மாட்டேன், கூப்பிட்டால் அவர் வண்டியை ஓரம் கட்டுவார். டாக்டர் முபீனாவிடம் சொல்லிவிட்டேன். ஒரு வயித்து வலி கேஸ் வருது டாக்டர், ஒம்பது வயசு, பொண்ணு, மூணு நாள் வலி, இன்னிக்குக் காலைல நின்னு போச்சு, காச்சல், வயிறு இறுகியிருக்கு. டாக்டர் ஸ்டூலிலிருந்து எழுந்து சர்ஜரிக்குப் போன் பண்ணியது, ஆபரேஷன் தியேட்டரைக் கேட்டது, குழந்தைக்கும் கொரோனா டெஸ்ட் முடிவு வரணுமாம், அதுவரைக்கும் காத்திருக்காம தனி தியேட்டர்ல எடுத்துக்கறாங்களாம் என்றது. அதன்பிறகுதான் கேட்டது, தெரிஞ்சவங்களா சிஸ்டர். ஆமா டாக்டர் என்றேன். என் பெண் என்று சொல்லவில்லை. ஊர்க்காரங்க என்று சொல்லவில்லை, பொய் சொல்லவில்லை, ஆமா என்று மட்டும் சொன்னேன். ஏன் சொல்லவில்லை. சொன்னால் உன்னை ஒதுக்கி வெளியே உட்காரவைப்பார்கள், கூட இருக்கிற ஒரே நர்ஸையும் கோவிட் வார்டுக்கு இழுத்துவிட்டார்கள், அதனால் சொல்லவில்லை என்று இவ்வளவு நேரம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும். நீங்க நர்ஸ்தானே சிஸ்டர். அவ்வளவுதான், வேறொன்றுமே கேட்க வேண்டாம், அது போதும். நான் அந்த ஒரு கேள்விக்காகப் பயந்துகொண்டு ஊசித் தட்டை எடுத்துவைக்கிறேன், பஞ்சு, ஸ்பிரிட், பிளாஸ்டர், கைக்கு வைக்கிற சின்ன அட்டை, ஒவ்வொன்றையும் நேராக்கி வைக்கிறேன். மூன்றாம் நம்பர் கட்டிலில் விரிப்பு மாற்றுகிறேன். மாற்றிய விரிப்பைத் திரும்பவும் மாற்றுகிறேன். ரயில்வே கேட் மூடியிருக்குமோ. ரயில்தான் ஓடவில்லையே. சரக்கு ரயில் ஓடுகிறது. ஆக்ஸிஜன் ரயில் ஓடுகிறது என்று டிவியில் காட்டினார்கள். கேட்டில் வண்டி நின்றால் அவளுக்குக் கொஞ்சம் வலி குறையும். நிற்கக் கூடாது. நிற்கட்டும். சந்தைமேட்டில் அடுத்தடுத்து நான்கு, அங்கேதான், அங்கே மட்டும் அவர் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தால் என்ன.

வண்டிச் சத்தம் எனக்குத் தெரியும், சைலன்ஸரில் ஒரு கரகரப்பு. சரசக்கா ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். நான் எழுந்து நின்றேன், நகரவில்லை. அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார், ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தால் முழங்காலை நீட்ட முடியாமல் கத்துகிறாள் என்று மடக்கியபடியே நெஞ்சோடு தூக்கிக்கொண்டு. நங்கையாவை வெளியே நிறுத்திவிட்டார்கள், ஒருவர்தான் உள்ளே. மூன்றாம் நம்பர் கட்டிலில் அவளைச் சாய்த்தார். கண்ணாடிக்குள் ஆவி, எனக்கு அவள் சட்டை மட்டும் தெரிந்தது, மஞ்சள், போன தீபாவளிக்கு எடுத்தது, அதில் எண்ணெய்க் கறை. டாக்டர் முபீனா வயிற்றில் கை வைத்தது, வைத்த உடனே எடுத்துக்கொண்டது. பிறகு அவரைக் கதவுப்பக்கம் மேஜைக்குக் கூப்பிட்டது. நானும் எழுதுகிற அட்டையோடு போய் நின்றேன். அவர் இரண்டு வெள்ளை உடைகளையும் மாறி மாறிப் பார்த்தார், எது நான் என்று. வேகத்தடையில கத்துனாளா என்று டாக்டர் கேட்டது. கத்தலீங், ஒவ்வொண்ணுக்கும் என் சட்டையக் கடிச்சுக்கிட்டா என்று திரும்பிக் காட்டினார். முதுகில் சட்டை ஈரமாகக் கசங்கியிருந்தது. ஏங்க, வெள்ளிக்கிழமை ஆரம்பிச்ச வலிக்குத் திங்கக்கிழமை வர்றீங்க.   சொல்லுங்க, யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா, வைத்தியம் பாத்தீங்களா. அவர் கீழே பார்த்துக்கொண்டு, வீட்டுல வேண்டாம்னாங்க டாக்டர், ஆஸ்பத்திரிக்குப் போனா ஒட்டிக்கும்னு என்றார். வீட்டுல யாரு. யாரு அப்படிச் சொன்னது.  அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும், நான்தாங்க சொன்னேன் என்பார், வாயைத் திறந்துவிட்டார். நான் சொன்னேன், நான்தான் டாக்டர். நான்தான் சொன்னேன். என் பொண்ணு.

டாக்டர் என் கண்ணாடியைப் பார்த்தது.  நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வரவில்லை. அது வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. சர்ஜரியில வந்துட்டிருக்காங்க சிஸ்டர் என்றது மெதுவாக. வெடிச்சிருக்கு, ஆனா பிரஷர் நல்லா இருக்கு, இன்னும் கைமீறல, நாளைக்கு வந்திருந்தா வேற மாதிரி பேசிட்டிருப்போம். டிரிப் நீங்க போடறீங்களா, நான் போடவா. நான் போடறேன் என்றேன். அவர் கையெழுத்துப் போடப் போனார். போகும்போது என் தோள் பக்கம் கையைக் கொண்டுவந்து, தொடலாமா என்று தெரியாமல், எடுத்துக்கொண்டார்.

தட்டோடு கட்டிலுக்குப் போனேன். கண் மூடியிருந்தாள். உதட்டில் தோல் உரிந்திருந்தது. இடது கையை எடுத்து என் மடியில் வைத்தேன், சூடு இரண்டு கையுறைகளையும் தாண்டி வந்தது. ஒன்பது வருஷம் இந்தக் கையைக் கழுவியிருக்கிறேன், நகம் வெட்டியிருக்கிறேன், மருதாணி வைத்திருக்கிறேன். இதில் நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. ஆயிரம் பிள்ளைகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்திருக்கிறேன். மணிக்கட்டுக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டி, புறங்கையைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். தண்ணீர் குடிக்காத உடம்பு, நரம்பு ஒளிந்துகொள்கிறது. கண்ணாடியை இடது முழங்கையால் மேலே தள்ளினேன், தள்ளக் கூடாது, தள்ளினேன். அக்கா என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. எங்கம்மாவும் இங்கதான் நர்சு, உங்களுக்குத் தெரியுமா. நான் தலையை ஆட்டினேன், அவள் பார்க்கவில்லை. நா வந்தேன்னு அம்மாகிட்டச் சொல்லிறாதீங்கக்கா, ஆஸ்பத்திரிப் பக்கமே வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, அப்பாவத்தான் திட்டுவாங்க.  பேசக் கூடாது. பேசினால் குரல் தெரிந்துவிடும், கையை இழுத்துக்கொள்வாள், ஊசி நழுவும். முதலில் நரம்பு. நடுவிரலுக்கு நேர் மேலே, தோலுக்கடியில், மெல்லிசாக ஒரு நீலம், இல்லை, இதோ, இருக்கிறது. சாய்த்து உள்ளே விட்டேன். ஊசியின் பின்பக்கக் குழலில் ரத்தச் சிவப்பு ஏறியது. பிளாஸ்டரை ஒட்டினேன், அட்டையை வைத்துக் கட்டினேன், சலைன் சொட்டுவதை எண்ணினேன். ஓடுகிறது. வெளியே வராந்தாவில் தியேட்டர் ஸ்ட்ரெச்சரின் சக்கரம் வருகிற சத்தம். இனிமேல் பேசலாம். எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்பதுதான், வேறென்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. மொதல்ல எந்த எடத்துல வலிச்சுது கண்ணு என்றேன்.

கண்ணைத் திறந்தாள். என் முகக்கவசத்தைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். வயிற்றின்மேல் வைத்திருந்த வலது கையைச் சட்டென்று எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மடக்கியிருந்த முழங்காலை நீட்டப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் வலிக்கலம்மா" என்றாள். "அப்பா சும்மாத்தான் கூட்டிட்டு வந்தாரு. இப்பவே வீட்டுக்குப் போயிர்றோம்."